எல்லை மேட்டில் ஒரு காதுகுத்து

"மாப்ளைக்கு ஆபீசுல குடுக்கற வேலை பத்தலீங்களா? ஞாயித்துக்கெழமையும் அதுவுமா, கறி அடுப்புல ஏறற நேரத்துல வந்து, அந்த ரெண்டு ஊரும் கால்வாயை எப்படி ஒண்ணா வெட்டுச்சுன்னு கேக்கறீங்க. தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க? நீங்க எழுதிப் போடுவீங்க, அவுங்க கட்டிப் பரண் மேல போடுவாங்க. எனக்கு வாய் வலி, உங்களுக்குக் கை வலி. அதுக்கு இந்தச் சின்ன வெங்காயத்தை உரிச்சீங்கன்னா வூட்டுக்காச்சும் ஆவும்."

என் மகளின் வீட்டுக்காரரை இப்படித்தான் திட்டினேன். பக்கத்துப் பக்கத்து ஊராட்சிகளை எல்லாம் சேர்த்து ஒரே திட்டம் போடுகிற ஆபீசில் அவருக்கு வேலை. திட்டினால் எழுந்து போய்விடுவார் என்று பார்த்தேன். மனுஷர் முறத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு வெங்காயம் உரிக்க ஆரம்பித்துவிட்டார். மாமியார் வீட்டில் வெங்காயம் உரிக்கிற மாப்பிள்ளைக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது.

நான் பிறந்தது மேலூர். வாழ்க்கைப்பட்டது கீழூர். இரண்டுக்கும் வேறு பெயர்கள் உண்டு. சொன்னால் இன்றைக்கும் யாராவது ஒருவர் சண்டைக்கு வருவார் என்பதால் இப்படியே இருக்கட்டும். பாப்பாரப்பட்டிச் சந்தைக்குப் போகிற வழியில் அடுத்தடுத்து இருக்கிற ஊர்கள். கல்யாணமான புதிதில், அடுப்பில் பருப்பை வைத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்குப் போய் அம்மாவிடம் நாலு வார்த்தை பேசித் திரும்பினால் பருப்பு வெந்திருக்கும். கொஞ்சம் தீய்ந்திருக்கும். அது பருப்பின் குற்றம்.

மேலூருக்கு ஓர் ஏரி, கீழூருக்கு ஓர் ஏரி. மேலூர் ஏரி நிரம்பினால் கோடி என்கிற கலிங்கில் வழிகிற தண்ணீர் ஒரு பெரிய கால்வாயில் இறங்கி எங்கள் கீழூர் ஏரிக்கு வந்து சேர வேண்டும். அதற்கு ராஜகால்வாய் என்று பெயர். ராஜா யாரும் அதில் போய் நான் பார்த்ததில்லை. எருமைகள் போகும், நான் போவேன்.

வருஷத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன்னால், வீட்டுக்கு ஓர் ஆள் வந்து அந்தக் கால்வாயைத் தூர் எடுப்பார்கள். மேலூர்க்காரர்கள் தங்கள் எல்லை வரைக்கும் எடுப்பார்கள். கீழூர்க்காரர்கள் தங்கள் எல்லை வரைக்கும் எடுப்பார்கள். வேலையில் குறை சொல்ல முடியாது, இரண்டு பக்கமும் வாரிய தரை மாதிரி இருக்கும். ஆனால் வெட்டின சேற்றை எங்கே கொட்டுவது? என் வரப்பில் போடாதே என்பார் ஒருவர். என் கொல்லையில் முள் விழுகிறது என்பார் இன்னொருவர். கூடை கைமாறிக் கைமாறிக் கடைசியில் எல்லைக்குப் போய்விடும். எல்லை யாருடையதும் இல்லை. அங்கே கொட்டினால் கேட்க ஆள் கிடையாது. அந்தப் பக்கத்துக்காரர்களும் அப்படியே நினைத்து அங்கேதான் கொட்டினார்கள்.

இப்படி வருஷா வருஷம் கால்வாயைச் சுத்தம் செய்து, சுத்தம் செய்தே அதை அடைத்துவிட்டார்கள். எல்லையில் ஒரு மேடு எழும்பிற்று. அதன் மேல் கள்ளி முளைத்தது, முள் முளைத்தது, ஆடுகள் ஏறி நின்று இரண்டு ஊரையும் வேடிக்கை பார்த்தன.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்த எல்லையில்தான் வேடியப்பன் இருந்தார். கையில் வில்லோடு ஒரு வீரனைச் செதுக்கிய பழங்காலத்துக் கல். இரண்டு ஊருக்கும் அவர்தான் சாமி. நான் பாவாடை கட்டின வயதில் அங்கே பொங்கல் வைத்திருக்கிறோம். சேறு ஏற ஏற முதலில் அவர் கால் மறைந்தது, பிறகு வில் மறைந்தது, எனக்குக் கல்யாணம் ஆவதற்குள் தலையும் மறைந்துவிட்டது. கீழூரான் சாமியைப் புதைத்துவிட்டான் என்றார்கள் மேலூரில். மேலூரான் புதைத்துவிட்டான் என்றார்கள் கீழூரில். நான் இரண்டு வீட்டிலும் சோறு தின்றவள். இரண்டு இடத்திலும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

தண்ணீருக்கு இந்தச் சண்டை தெரியாது. மேலூரிலிருந்து வருகிற தண்ணீர் மேட்டில் முட்டிப் பின்னால் தேங்கும். அங்கே என் அண்ணனின் நிலக்கடலைக் கொல்லை இருந்தது. பிடுங்குகிற சமயத்தில் கடலை தண்ணீரில் நின்று அழுகும். தேங்கி மிஞ்சினது பாறைக்காட்டுப் பக்கம் திரும்பிப் பள்ளத்தில் விழுந்து ஆற்றுக்குப் போய்விடும். எங்கள் கீழூர் ஏரியில் பையன்கள் கோலி விளையாடினார்கள். மேலே வெள்ளம், கீழே புழுதி, நடுவே ஒரு மேடு.

இதில் வேடிக்கை என்னவென்றால் மேலூர்ப் பஞ்சாயத்துக்கு என் அண்ணன்தான் பிரசிடெண்ட். கீழூர்ப் பஞ்சாயத்துக்கு என் மாமனார் பிரசிடெண்ட். என் கல்யாணத்தில் ஒரே தட்டில் வெற்றிலை எடுத்துப் போட்டவர்கள். அண்ணனின் கடலை முதல்முறை அழுகின வருஷம் சந்தையில் ஏதோ வார்த்தை தடித்துவிட்டது. அதிலிருந்து பேச்சு இல்லை. அவர் வருகிற பஸ்ஸில் இவர் ஏறமாட்டார். எங்கள் பக்கம் பஸ் வருவதே அபூர்வம். ஆகவே இரண்டு பேரும் நிறைய நடந்தார்கள். உடம்புக்கு நல்லதுதான்.

எனக்கு மட்டும் இது வேடிக்கையாக இல்லை. ஏரிக்குக் கீழே கொஞ்சம் நஞ்சை நிலத்தை மாமனார் எங்களுக்கென்று பிரித்துக் கொடுத்திருந்தார். ஏரி நிறையாமல் அது மேய்ச்சல் காடாகக் கிடந்தது. ஊரில் பாதி ஆண்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். என் வீட்டுக்காரரும் ஒருநாள் சந்தையிலிருந்து ஒரு தகரப் பெட்டி வாங்கி வந்தார்.

"இது எதுக்குங்க?"

"இந்த ஐப்பசிக்கும் ஏரி நெறையலன்னா பெங்களூரு போயிடலாம். நான் கல்லு தூக்கறன், நீ சித்தாள் வேலைக்கு வா."

"கொழந்தை?"

"மணல் மேல வெளையாடும்."

அவர் வருத்தத்தோடுதான் சொன்னார். பெட்டியை என் கண்ணில் படாமல் மூலையில் திருப்பி வைத்தார். நான் அதன் மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடினேன். ஆனாலும் ராத்திரி படுத்தால் பெட்டி இருப்பது முதுகுக்குத் தெரிந்தது.

தர்மபுரி தனி மாவட்டமாகிக் கொஞ்ச காலம் ஆகியிருந்த சமயம் அது. யூனியன் ஆபீசிலிருந்து ஒரு சின்ன வயது ஆபீசர் சைக்கிளில் வருவார். வெளியூர்க்காரர். ஒருநாள் எங்கள் வாசலில் ஒரு பெரிய படத்தை விரித்தார். காற்றில் பறக்காமலிருக்க ஒரு மூலைக்கு நான் ராகி அளக்கிற படியையும் இன்னொரு மூலைக்கு உலக்கையையும் வாங்கி வைத்தார். மாமனார் குனிந்து பார்த்தார்.

"இதுல எங்கூரு எங்கீங்க சார்?"

"இதோ, இந்தப் புள்ளி."

"இம்மாந்தானா?"

"ஊரைப் பெருசாப் போடலீங்க. ஓடையைத்தான் போட்டிருக்கேன். மலையில ஆரம்பிச்சு ஆத்துல சேர்ற வரைக்கும். இதுல அஞ்சு பஞ்சாயத்து வருது. இவ்வளவு நாளும் ஊர் ஊரா வேலை பாத்தோம், ஒண்ணும் நெலைக்கல. இனிமே ஓடை ஓடையாப் பாக்கப் போறோம்."

"ஓடைக்கு ஓட்டு இருக்குதுங்களா?"

"இல்லீங்க."

"அப்ப அதுக்கு யாரு பிரசிடெண்ட்?"

"அதானே பிரச்சினையே. யாருமில்ல. அஞ்சு பேரும் சேந்துதான் இருக்கணும்."

அவர் சொன்னது எனக்கே புரிந்தது, நான் இரண்டாம் வகுப்புக்கு மேல் போகாதவள். மேலூருக்குக் கோடியைக் கட்டித் தருவார்கள். கீழூருக்கு மதகைப் புதிதாக்கித் தருவார்கள். நடுவில் இருக்கிற மேட்டை இரண்டு ஊரும் சேர்ந்து எடுக்க வேண்டும். மூன்றும் ஒரே திட்டம். இரண்டு பிரசிடெண்டும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டால்தான் வேலை தொடங்கும். ஒருவர் போடாவிட்டால் இரண்டு பேருக்கும் கிடையாது. மற்ற மூன்று பஞ்சாயத்தும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது.

மாமனார் மீசையைத் தடவினார். "அவன் மொதல்ல மம்புட்டி போடட்டும், நான் போடறன்."

ஆபீசர் மேலூருக்குச் சைக்கிள் மிதித்தார். அண்ணன் சொன்ன பதிலோடு திரும்பி வந்தார். "அவரு மொதல்ல போடட்டும்."

முதலில் மண்வெட்டி போட்டவன், அது தன் ஊர்ச் சேறு என்று ஒப்புக்கொண்டவன் ஆகிவிடுவான். சாமியைப் புதைத்த பழியும் அவன் தலையில் விழும். ஆகவே இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மேலூரில் கூட்டம் போட்டால் மாமனார் போகவில்லை, முறையாக வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லையாம். கீழூரில் கூட்டம் போட்டால் அண்ணன் வரவில்லை, மாட்டுக்குக் காய்ச்சலாம். அந்த மாடு அன்றைக்கு எங்கள் அம்மா வீட்டு வைக்கோல் போரையே தின்று தீர்த்ததாகக் கேள்வி.

ஆபீசர் பாவம், வெயிலில் கறுத்துப் போனார். ஒருநாள் மத்தியானம் கூப்பிட்டு ராகிக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டேன். மனுஷர் களியை மென்று தின்றார். எங்கள் பக்கம் களியை யாரும் மெல்ல மாட்டார்கள், குழம்பில் தோய்த்து விழுங்குவோம். அவர் மெல்ல மெல்ல, களி பல்லில் ஒட்டி, வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில் நான் நிறையப் பேச முடிந்தது.

வாய் திறந்ததும் அவர் சொன்னார். "அக்கா, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அந்த மேட்டுக்கிட்ட வந்து நின்னாப் போதும். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

"ரெண்டு பேரும் ஒரு எடத்துக்கு வரணும்னா ஒண்ணு சாவு வரணும், இல்லன்னா நல்ல காரியம் வரணும். சாவுக்கு யாரை அனுப்பறது, நீங்களே சொல்லுங்க."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நடையில் என் மகள் உட்கார்ந்து களி உருண்டையைத் தலையில் தேய்த்துக்கொண்டிருந்தாள். முடி எல்லாம் களி. களியைத் துடைக்கக் காதைப் பிடித்துத் தூக்கினேன். காது இன்னும் குத்தவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "கொழந்தைக்குக் காது குத்தணுங்க. வேடியப்பன் கல்லுக்கிட்ட குத்தறதா வேண்டியிருக்கன்."

"எப்ப வேண்டின?"

"நீங்க தூங்கறப்ப."

"நேத்தா?"

"சாமியே தேதி கேக்கல, நீங்க ஏன் கேக்கறீங்க."

அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். பிறகு தகரப் பெட்டியைப் பார்த்தார். நல்ல மனுஷர், கேட்கக் கூடாத இடம் அவருக்குத் தெரியும்.

மாமனாரிடம் மறுநாள் மோர் கொடுக்கும்போது சொன்னேன். அவர் செம்பை வாயிலிருந்து எடுத்தார்.

"கல்லுதான் மேட்டுக்குள்ள கெடக்குதேம்மா."

"ஆமாங்க மாமா. சாமி மொகம் பாக்காம குத்தினா வேண்டுதல் சேருங்களா?"

"சேராது."

"பஞ்சாயத்துக்கோசரம் தோண்டறதுன்னா நீங்க சொல்றது நாயந்தான், மொதல்ல அவுங்க வரட்டும். இது பேத்திக்கோசரம். இது வேறதானுங்களே."

மோர் முழுவதும் குடித்து முடிக்கிற வரைக்கும் யோசித்தார். "வேறதான்" என்றார்.

அண்ணன் வீட்டுக்குத் தட்டில் வெற்றிலை பாக்கோடு போனேன். காதுகுத்தென்றால் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அவர் சீர்த்தட்டு எடுத்து வர வேண்டும். அவர் வராவிட்டால் அந்தக் காது குத்தின காதே இல்லை. அண்ணன் வெற்றிலையை எடுத்துக்கொண்டார், முகத்தை மட்டும் கடுகடுவென்று வைத்துக்கொண்டார்.

"அந்தக் கெழவர் வருவாரா?"

"தாத்தன் இல்லாமக் காதுகுத்தா?"

"கல்லை யாரு தோண்டறது?"

"அவரு பக்கம் அவரு தோண்டறன்னாரு."

"அப்பறம் எங்கிட்ட ஏன் சொல்ற?"

"சீர் கொண்டுட்டு வரணுமில்லண்ணா. மேளத்தோட, தட்டோட. உம் பக்கம் பூராவும் முள்ளு. அண்ணி பட்டுச்சேலை கட்டிட்டு மேட்டு மேல ஆடு மாதிரி ஏறி வருவாங்களா?"

உள்ளே அண்ணி சிரித்த சத்தம் கேட்டது. அண்ணன் வெற்றிலையை மடித்து வாயில் போட்டார். "உம் மாமனாருக்காக இல்ல" என்றார்.

"சத்தியமா இல்ல" என்றேன்.

ஆவணியில் ஒரு நாள் குறித்தோம். அதற்கு முந்தின வாரமே மேலூர்ப் பக்கமிருந்து மேலூர்க்காரர்கள் தோண்ட வந்தார்கள். கீழூர்ப் பக்கமிருந்து கீழூர்க்காரர்கள் வந்தார்கள். ஆபீசர் படத்தோடு நின்றார். அவர் மட்டும் இல்லையென்றால் சாமியைத் தேடுகிறேன் என்று ஆளாளுக்கு ஒரு குழி பறித்திருப்பார்கள், தண்ணீர் அந்தக் குழிகளில் தேங்கிக் கொசு வளர்த்திருக்கும். அவர்தான் இரண்டு பக்கமும் முளை அடித்து, கயிறு கட்டி, சுண்ணாம்புப் பொடி தூவி, இந்த அகலம், இந்த ஆழம், கீழூர்ப் பக்கம் இவ்வளவு சரிவு என்று காட்டினார். "இந்தக் கோட்டுல தோண்டினா சாமியும் கிடைக்கும், தண்ணியும் போகும்" என்றார்.

தோண்டத் தொடங்கினதும் பழைய கேள்வி வந்து நின்றது. சேற்றை எங்கே கொட்டுவது?

ஆபீசரின் திட்டத்தில் அதற்கும் இடமிருந்தது. "இது சேறு இல்லீங்க, வண்டல். நல்ல உரம். மேட்டு நெலத்துல போட்டா ராகி தூக்கி நிக்கும். ஒரு வண்டி மேலூருக்கு, ஒரு வண்டி கீழூருக்கு" என்றார்.

அவ்வளவுதான். இத்தனை வருஷம் உன் ஊர் அழுக்கு, உன் ஊர் அழுக்கு என்று ஒருவர் மேல் ஒருவர் தள்ளிய மண்ணை இப்போது எங்களுடையது, எங்களுடையது என்று இழுக்க ஆரம்பித்தார்கள்.

"மாமா அங்கிருந்து எடுக்கறது எங்க பக்கத்து மண்ணு, சொல்லுங்க சார்" என்றார் அண்ணன், ஆபீசரைப் பார்த்து.

"எங்கூராளுங்க கொட்டினதுன்னு மாப்ளைக்குச் சொல்லுங்க சார்" என்றார் மாமனார், அவரும் ஆபீசரைப் பார்த்து.

ஆபீசர் என் பக்கம் திரும்பினார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். யார் கொட்டினது என்பதை இரண்டு பிரசிடெண்டும் ஊர் கேட்கச் சொல்லி முடித்துவிட்டார்கள்.

மறுநாள் வேடியப்பன் வந்தார். முதலில் தலையின் உச்சி தெரிந்தது. மண்வெட்டிகள் எல்லாம் நின்றன. மாமனார் கீழே இறங்கிக் கையால் மண்ணை எடுத்தார். எதிர்ப்பக்கமிருந்து அண்ணன் எடுத்தார். முகம் வெளியே வந்ததும் இரண்டு பேரும் மேல்துண்டால் துடைத்தார்கள். "யாரு இப்படிப் பண்ணினாங்களோ" என்றார் மாமனார் பொதுவாக. அண்ணன் பாறைக்காட்டைப் பார்த்தார். வேடியப்பன் ஒன்றும் சொல்லவில்லை, அவருக்கும் இரண்டு ஊரிலும் பொங்கல் வேண்டும்.

காதுகுத்து அன்றைக்கு, வெட்டின கால்வாய் வழியாகவே அண்ணன் மேளத்தோடு வந்தார். கல்லுக்கு முன்னால் மண் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார். ஆசாரி கம்பியை எடுத்தார். குழந்தை வீரிட்டது. என் மாமனார், பஞ்சாயத்தையே மிரட்டுகிறவர், "மெதுவாய்யா, மெதுவா, அது காதுய்யா" என்று ஆசாரியின் கையைப் பிடித்துவிட்டார்.

"கையை உடுங்க மாமா, அவரு குத்தட்டும்" என்றார் அண்ணன்.

"நீ நல்லாப் புடிச்சுக்க மாப்ள. தலையை அசைக்கப் போவுது."

"புடிச்சிருக்கன். நீங்க அழுவாதீங்க, அதைப் பாத்துதான் அது அழுவுது."

"நான் எங்க அழுவறன். புகை."

அடுப்பு அந்தப் பக்கம் தூரத்தில் இருந்தது. இத்தனை காலம் கழித்து அவர்கள் நேராகப் பேசினது அதுதான்.

கெடா வெட்டிச் சாப்பாடு. ஆபீசர் களியை விழுங்கினார். கண்ணில் தண்ணீர் வந்தாலும் விழுங்கினார். இலை எடுத்தபின் தாளை விரித்தார். யார் முதலில் கையெழுத்துப் போடுவது என்று இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஆபீசர் சட்டைப் பையிலிருந்து இரண்டு பேனாக்களை எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தார். எங்களோடு பழகிக் கெட்டிக்காரராகிவிட்டிருந்தார்.

ஐப்பசி வந்தது. மழை பிடித்துக்கொண்டது. மேலூர் ஏரி நிரம்பிவிட்டதாகச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் பெட்டி மேலிருந்த சாக்கை எடுத்து மடித்து வைத்தார், எதற்கும் இருக்கட்டும் என்று. நான் வாசலிலேயே நின்றேன். தண்ணீர் பழக்கத்தில் பாறைக்காட்டுக்கே திரும்பினாலும் திரும்பும், அதுவும் எங்கள் ஊர்த் தண்ணீர்தானே.

மழைக்குள் யாரோ கையில் கோலோடு வருவது தெரிந்தது. தண்ணீரின் முகப்பு எப்போதும் சருகையும் முள்ளையும் தள்ளிக்கொண்டு வந்து எங்காவது அடைத்துக்கொள்ளும். அதை விலக்கி விலக்கி, தண்ணீர் கூடவே மேலூரிலிருந்து நடந்தே வந்திருந்தார் என் அண்ணன். இடுப்பு வரைக்கும் சேறு. சண்டைக்குப் பிறகு எங்கள் வீட்டு வாசலை அன்றைக்குத்தான் மிதித்தார்.

"மாமா, தண்ணி ஏரியில எறங்கிடுச்சு."

மாமனார் எழுந்து நின்றார். ஏதோ பெரிதாகச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "கால் கழுவிட்டு உள்ள வா" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "மாப்ளைக்குக் களி கிண்டும்மா" என்றார்.

அந்தத் தகரப் பெட்டியில் நான் ராகி கொட்டி வைத்தேன். மூட முடியாமல் நிறைந்தது.

அதற்குப் பிறகு சண்டையே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். வருஷா வருஷம் ஒரே நாளில், வேடியப்பன் கல்லில் தொடங்கி இரண்டு பக்கமும் தூர் எடுத்தார்கள், உன் ஊர் ஆள் குறைச்சல் என்று அங்கேயே சத்தமும் போட்டுக்கொண்டார்கள். ஆனால் சத்தம் போட ஒரே இடத்துக்கு வந்தார்கள். ஐந்து பஞ்சாயத்தும் யூனியன் ஆபீசில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேசின. ஆபீசருக்கு வேறு ஊருக்கு மாற்றல் ஆனபோது மாமனாரும் அண்ணனும் ஒரே பஸ்ஸில் போய் வழியனுப்பிவிட்டு வந்தார்கள்.

அந்த ஐப்பசியில் ஏரி நிறைந்த மறுநாள் காலையில் துணி துவைக்கப் போனேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாம் அங்கே இருந்தார்கள். பெங்களூருக்குப் போகிறோம் என்று நான் எல்லாரிடமும் மூக்கைச் சிந்தியிருந்தேன் அல்லவா, அதனால் சுற்றி நின்றுகொண்டார்கள்.

"ஏண்டி, பொட்டி படுக்கையெல்லாம் தயாரா வெச்சிருந்தியே. ஏன் போவல?"

நான் சேலையைக் கல்லில் நாலு அடி அடித்துவிட்டுச் சொன்னேன். "விசாரிச்சுப் பாத்தோங்கா. பெங்களூருல அல்லாமும் கெடைக்குதாம். காது குத்தறதுக்கு மட்டும் தாய்மாமன் மடி கெடைக்கறதில்லையாம். எனக்கு அடுத்தது வேற வயித்துல இருக்குது. அதான் இங்கியே இருந்துட்டோம்."